தெருவுக்கு எத்தனை நிமிடம்

ஜனவரி 28, ஞாயிறு

இன்று என் மகள் கண்ணெதிரே நாற்காலியிலிருந்து மல்லாக்க விழுந்தேன். விழுந்ததுகூடப் பரவாயில்லை. ஒரு விளக்கம் சொல்லிக்கொண்டிருக்கும்போது விழுந்ததுதான் மானக்கேடு.

கனிஷ்கா ஒன்பதாவது படிக்கிறாள். 'சமத்துவமின்மை' என்ற சொல்லுக்குப் பொருளும், அதன் பயன்பாட்டுக்கு ஓர் எடுத்துக்காட்டும் எழுதிவரச் சொல்லியிருக்கிறார் அவளுடைய மரகதவல்லி டீச்சர். அகராதியைப் பார்த்து எழுதக் கூடாதாம். "ஏனுங்கப்பா, உங்களுக்குத் தெரியுமா?" என்று கேட்டாள். கணக்குப் பரீட்சையை மூன்று தடவை எழுதிப் பத்தாம் வகுப்பைத் தாண்டியவன் நான். படிப்பு விஷயமாக ஒரு கேள்வி இந்த வீட்டில் என்னைத் தேடி வருவது அபூர்வம். விடுவேனா?

எங்கள் மர நாற்காலியின் ஒரு கால் கட்டை. காலண்டர் அட்டையை மடித்து அடியில் கொடுத்திருக்கிறோம். அட்டையை உருவிப் போட்டுவிட்டு, "இதா பாரு அம்மணி, இப்ப நாலு காலும் சமமா இல்ல. இதுதான் அது. இதுல ஆரு உக்காந்தாலும்..." என்றபடி உட்கார்ந்தேன். மீதியை நாற்காலியே சொல்லி முடித்தது.

துளசிமணி அடுப்படியிலிருந்து ஓடி வந்து பார்த்தாள். "நாக்காலிக்கு ஒண்ணும் ஆவலியே?" என்றாள். கனிஷ்கா சிரித்துச் சிரித்துக் கண்ணைத் துடைத்துக்கொண்டே எழுதினாள்.

உரக்கடையில் கொடுத்த இந்த டைரியில் இதுவரை மோட்டார் ஓடிய நேரத்தைத்தான் எழுதி வந்தேன். முதுகு வலி காரணமாகப் படுக்க முடியாததால் இன்று இதையும் எழுதியாயிற்று.

ஜனவரி 29, திங்கள்

தண்ணீர் முறை.

எங்கள் பேரூராட்சியில் நான் வால்வு திறக்கிறவன். பதினாலு வருடமாகத் தற்காலிகப் பணியாளர். என் பங்குக்கு ஐந்து தெரு. நாலு நாளைக்கு ஒரு தடவை தண்ணீர். டேங்க் நிரம்பியிருந்தால் மூன்றே முக்கால் மணி நேரம் ஓடும். அலுவலகச் சுவரில் ஒட்டிய தாளில் தெருவுக்கு நாற்பத்தைந்து நிமிடம் என்று போட்டிருக்கிறது. பதிவேட்டிலும் அப்படியே எழுதிக் கையெழுத்துப் போடுகிறேன்.

ஐந்தரைக்கு மில் ரோட்டைத் திறந்தேன். அங்கே மட்டும் பத்து நிமிடம் கூட. பேரூராட்சித் தலைவர் வீடு அங்கே இருக்கிறது. "சித்தெ சேத்தி உடு" என்று எங்கள் குழாய் பிட்டர் சென்னியப்பண்ணன் எப்போதோ சொன்னது. அவருக்கு யார் சொன்னார்கள் என்று நான் கேட்டதில்லை. பிறகு கோயில் வீதி, சந்தை வீதி. அப்புறம் எங்கள் தறிக்கார வீதி. அதைத் திறந்துவிட்டு வீட்டுக்குப் போய் டீ குடித்தேன். துளசிமணி இஞ்சி தட்டிப் போட்டிருந்தாள். நாற்காலி விஷயம் அவள் அண்ணன் வீடு வரைக்கும் போய்விட்டதாம்.

கடைசியாகக் காலனி. குழாயும் அங்கேதான் முடிகிறது. கொஞ்ச நேரத்திலேயே டேங்க் வற்றிவிட்டது. மில் ரோட்டுக்காரர்கள் அப்படி இழுத்தால் கடைசித் தெருவுக்கு என்ன மிஞ்சும்?

அன்னக்கொடி இரண்டாவது குடத்தை நிரப்புவதற்குள் குழாய் காற்று விட ஆரம்பித்தது. அந்த அம்மாவின் மகள் வைஷாலி, கனிஷ்காவின் வகுப்பு. அந்த நிலைமையிலும், "ஒரு வாய் டீ குடிங்கண்ணா" என்றார்.

"இப்பத்தானுங்க ஊட்டுல குடிச்சுட்டு வாரன்."

பதினாலு வருடமாக அதே கேள்வி, அதே பதில். அதில் ஒருநாளும் நான் பொய் சொன்னது கிடையாது. குடித்துவிட்டுத்தானே போகிறேன்.

சாயங்காலம் கனிஷ்கா நோட்டைக் கொண்டுவந்து காட்டினாள். என் நாற்காலிக்கு அடியில் டீச்சர் சிவப்பு மையில் எழுதியிருந்தார்: "கால் தானாகத் தேய்ந்திருந்தால் அது பழுது. ஒருவர் அந்தக் காலை வெட்ட, வேறொருவர் விழுந்தால் அங்கே இந்தச் சொல்லைப் பயன்படுத்து. வேறு எடுத்துக்காட்டு தேடவும்."

விழுந்தும் மார்க் இல்லை.

பிப்ரவரி 2, வெள்ளி

தண்ணீர் முறை. எல்லாம் வழக்கம்போல்.

கனிஷ்கா வகுப்புத் தலைவி. தாமதமாக வருகிறவர்கள் பேரை அவள்தான் எழுத வேண்டும். சாப்பிடும்போது திடீரென்று, "ஏனுங்கப்பா, இன்னிக்குக் காலனிக்கு எத்தன மணிக்குத் தண்ணி உட்டீங்க?" என்றாள்.

"ஒம்பது இருக்கும். எதுக்கு?"

"வைஷாலி, இன்னும் நாலு பேரு, எல்லாரும் லேட்டு. போன வாரம் வியாழக்கெழமையும் லேட்டு, திங்கக்கெழமையும் லேட்டு, இன்னிக்கும் லேட்டு. நடுவுல ஒரு நாளும் லேட்டு இல்ல. நாந்தான் பேரெழுதி வெளிய நிறுத்துறேன்."

விரல் விட்டு எண்ணிப் பார்த்தேன். நாலு நாளைக்கு ஒரு தடவை.

"கடைசித் தெருன்னா அப்படித்தான் அம்மணி" என்றேன். ரசம் ஊற்றச் சொன்னேன்.

பிப்ரவரி 4, ஞாயிறு

டேங்க் கழுவினேன். ஒரு செருப்பு உள்ளே கிடந்தது. எப்படி ஏறிப் போனதோ.

கனிஷ்கா புது எடுத்துக்காட்டைக் கண்டுபிடித்துவிட்டாளாம். ஐந்து தெருவிலும் அவள் வகுப்புப் பிள்ளைகள் இருக்கிறார்கள். வீட்டுக் குழாயில் தண்ணீர் எத்தனை மணிக்கு வந்தது, எத்தனை மணிக்கு நின்றது என்று ஒவ்வொரு தெருவிலும் ஒரு பிள்ளை எழுதி வைக்குமாம். பதினைந்தாம் தேதி பள்ளிக் கண்காட்சியில் பெரிய அட்டையில் வரைந்து மாட்டப் போகிறார்கள்.

"கண்காட்சிக்கு ஆரு வாராங்க?" என்று கேட்டேன்.

"நம்ம தலைவர்தாம்ப்பா சிறப்பு விருந்தினர்."

அடுத்த தண்ணீர் முறை என்றைக்கு என்று காலண்டரைப் பார்த்தேன்.

பிப்ரவரி 6, செவ்வாய்

தண்ணீர் முறை.

ஐந்தரை மணிக்கு மில் ரோட்டில் வால்வுக் குழியைத் திறக்கிறேன், எதிர் வீட்டு வாசலில் ஒரு பையன் கடிகாரத்தைப் பார்த்து நோட்டில் எழுதுகிறான். "குட் மார்னிங் அங்கிள்" என்றான். அவன் கையில் இருந்தது பேனாதான். எனக்குத்தான் அது வேறு மாதிரி தெரிந்தது.

யோசித்தேன். தலைவர் தெருவுக்குக் கூடுதல் தண்ணீர் என்று தலைவர் முன்னாலேயே படம் வரைந்து மாட்டப் போகிறாள், அதுவும் வால்வுக்காரன் மகள். பேசாமல் இன்று சரியாக விட்டுவிட்டால்? நாற்பத்தைந்தாவது நிமிடம் மில் ரோட்டை மூடினேன். இரண்டு நிமிடம் ஆகவில்லை, சென்னியப்பண்ணன் போன்.

"என்றா ராக்கியப்பா, பைப்பு ஒடஞ்சு போச்சா?"

"இல்லீங்கண்ணா."

"அப்பப் பொறவு? தலைவர் ஊட்டுல ஷவரு நின்னு போச்சாம். சோப்புப் போட்டுட்டு நிக்கறாராம்."

மறுபடியும் திறந்தேன். பையன் அதையும் எழுதிக்கொண்டான்.

கோயில் வீதியில் ஒரு பெண், சந்தை வீதியில் ஒரு பையன், இருவர் கையிலும் நோட்டு. எங்கள் தெருவைத் திறந்துவிட்டு வீட்டுக்குப் போய் இதையெல்லாம் துளசிமணியிடம் சொல்லிப் புலம்பினேன். புலம்பலில் டீ ஆறிவிட்டது. அவள் மறுபடியும் சூடு பண்ணிக் கொடுத்தாள். வாசலில் கனிஷ்கா நோட்டும் கையுமாக உட்கார்ந்திருந்தாள்.

காலனியில் வைஷாலி எழுதிக்கொண்டிருந்தாள். ரொம்ப நேரம் எழுத வேண்டிய அவசியம் அவளுக்கு ஏற்படவில்லை.

பிப்ரவரி 8, வியாழன்

சென்னியப்பண்ணன் டேங்கடிக்கு வந்தார். நிரந்தரம் ஆக்கும் பட்டியல் இருபதாம் தேதி மன்றக் கூட்டத்துக்கு வருகிறதாம். ஏழு பேர். "உம்பட பேரு மூணாவதா இருக்குது. தலைவர் ஒரு வார்த்த சொல்லோணும், அவ்வளவுதான்" என்றார்.

பதினாலு வருடம். துளசிமணியிடம் சொன்னேன். அவள் சாமி படத்துக்கு முன்னால் போய் நின்றாள். என்னைப் பார்த்து அப்படிக் கும்பிட்டதாக ஞாபகம் இல்லை.

பிப்ரவரி 10, சனி

தண்ணீர் முறை. பதிவேட்டில் 45, 45, 45, 45, 45. கையெழுத்து.

பிப்ரவரி 12, திங்கள்

இன்று கனிஷ்காவிடம் பேசினேன். தேங்காய் பன் வாங்கிக் கொடுத்துவிட்டுத்தான்.

"அம்மணி, அந்த நாக்காலியே இருக்கட்டுமே. நல்லாத்தான இருந்துச்சு. வேணும்னா கண்காட்சியில நானே வந்து விழுந்து காட்டறேன்."

சிரித்தாள். "டீச்சர் வேண்டாம்னுட்டாங்களேப்பா."

"தலைவர் வார எடத்துல தலைவரப் பத்தி எழுதுனா நல்லா இருக்குமா?"

"ஆரப் பத்தியும் நான் எழுதலீங்கப்பா. நிமிசம் மட்டுந்தான் எழுதியிருக்கேன்."

பட்டியல் விஷயத்தைச் சொன்னேன். அவள் பன்னைக் கீழே வைத்துவிட்டாள். "அப்பா, நம்ம வீதி வால்வ மூடறதுக்கு நீங்க மறந்துருவீங்களா?" என்றாள்.

"எதுக்குக் கேக்கற?"

"சும்மா."

மறப்பேனா? பதினாலு வருடத்தில் ஒரு வால்வைக்கூட மூட மறந்தவன் இல்லை. இதில் என்ன சந்தேகம் அவளுக்கு என்று தெரியவில்லை.

பிப்ரவரி 14, புதன்

தண்ணீர் முறை. கனிஷ்கா சாயங்காலம் முழுக்கத் தரையில் படுத்து நீலக் கலரில் என்னவோ வரைந்தாள். எட்டிப் பார்த்தேன். கையால் மறைத்துக்கொண்டாள். "நாளைக்குப் பாருங்கப்பா." குரலில் குஷி இல்லை.

பிப்ரவரி 15, வியாழன்

நடந்ததை வரிசையாக எழுதிவிடுகிறேன்.

கண்காட்சி பள்ளி ஹாலில். நான் இஸ்திரி போட்ட சட்டை. ஐந்தாவது மேசைக்கு மேலே கனிஷ்காவின் அட்டை. தலைப்பு: "சமத்துவமின்மை: பொருளும் பயன்பாடும்." அதன் கீழே, "பொருள்: ஒரே தொட்டி. பயன்பாடு: ஐந்து தெரு." அதற்குக் கீழே ஐந்து நீலக் குழாய்கள், நிற்க வைத்த மாதிரி. ஒவ்வொன்றின் தலையிலும் எண். மூன்று முறை அளந்து போட்ட சராசரி.

மில் ரோடு 55.
கோயில் வீதி 45.
சந்தை வீதி 45.
தறிக்கார வீதி 65.
காலனி 15.

இரண்டாம் முறை படித்தேன். மூன்றாம் முறை. மில் ரோட்டுக் குழாய்தான் உசரமாக இருக்கும் என்று பத்து நாளாகப் பயந்துகொண்டிருந்தவன் நான். அதைவிட ஒரு சாண் உசரமாக எங்கள் தெரு நின்றது.

தலைவர் வந்தார். கூடவே சென்னியப்பண்ணன், தலைமையாசிரியை, மாலை பிடித்தவர்கள். அட்டை முன்னால் நின்றார். அவர் முகம் முதலில் இறுகியது. கண் மில் ரோட்டிலிருந்து நகர்ந்து நாலாவது குழாய்க்குப் போனது. அங்கேயே நின்றது. பிறகு அவர் சிரித்தார் பாருங்கள், ஹாலே திரும்பிப் பார்த்தது.

"தறிக்கார வீதி உன்ற வீதிதான ராக்கியப்பா?"

"ஆமாங்க."

என் தோளில் கை போட்டார். "எங்களயத்தான் ஊரே பேசுது. கடைசியில பாத்தா நீ எங்களவிடப் பெரிய ஆளா இருக்கறயே!" அப்புறம் காதோடு, "லிஸ்டப் பத்திக் கவலப்படாத. நீ நம்ம ஆளு."

பதினாலு வருடமாகக் கேட்க ஏங்கிய வார்த்தை. அது காதில் விழுந்தபோது கனிஷ்கா இரண்டடி தள்ளி நின்றுகொண்டிருந்தாள். அவளுக்கும் கேட்டது.

பெற்றோர் கூட்டத்தில் அன்னக்கொடி நின்றார். விரலை வைத்து ஒவ்வொரு குழாயாகப் பார்த்தார். எங்கள் தெருவுக்கு வந்ததும் விரல் நின்றது. திரும்பி என்னைப் பார்த்தார். எப்போதும்போல மரியாதையாகத் தலையாட்டிவிட்டு அடுத்த மேசைக்குப் போனார். அவர் நாலு வார்த்தை திட்டியிருந்தால் எனக்குச் சௌகரியமாக இருந்திருக்கும்.

பிப்ரவரி 16, வெள்ளி

கனிஷ்காவின் அட்டையை மாவட்டக் கண்காட்சிக்குத் தேர்வு செய்திருக்கிறார்கள். அனுப்புவதற்கு முன் அரசுப் பதிவோடு ஒத்துப் போகிறதா என்று பார்க்க வேண்டுமாம். தலைமையாசிரியை பேரூராட்சிப் பதிவேட்டைக் கேட்டு எழுதிவிட்டார்.

அந்தப் பதிவேட்டில் இருப்பது என் கையெழுத்து.

சென்னியப்பண்ணன் வீட்டுக்கே வந்தார். "மாவட்டம் வரைக்கும் போனா கலெக்டர் ஆபீஸ்ல பாப்பாங்க. தலைவருக்கும் கஷ்டம், உனக்கும் கஷ்டம். புள்ளைய ஒரு வரி எழுதிக் குடுக்கச் சொல்லு. கடிகாரம் தப்பா ஓடிருச்சுன்னு."

"அஞ்சு கடிகாரமுங்களாண்ணா?"

"அஞ்சுந்தான்" என்றார், சிரிக்காமல். "திங்கக்கெழமை பள்ளிக்கூடத்துல கூப்புடுவாங்க. பதிவேட்டுப் புஸ்தகம் சரின்னு நீ சொன்னாப் போதும். செவ்வாய்க்கெழமை கூட்டம். மறந்துறாத."

பிப்ரவரி 17, சனி

சண்டை.

புத்தகம் சரி என்றால் பிள்ளைகள் ஐந்து பேரும் பொய் எழுதியவர்கள் ஆகிவிடுவார்கள். கனிஷ்கா வகுப்புத் தலைவி என்பதால் அவள் தலையில்தான் விடியும். மன்னிப்புக் கடிதம் எழுத வேண்டியிருக்கும். பிள்ளைகள் சரி என்றால் நான் பதினாலு வருடமாகப் பொய் எழுதியவன். இதை இரவல் மூளை வைத்தாவது தீர்க்கலாம் என்று துளசிமணியிடம் கேட்டேன்.

"பொண்ணு இன்னொரு படம் வரைஞ்சுக்குவா. வேல இன்னொருக்கா வருமா?" என்றாள். பிறகு அவளே அழுதாள். "நானு ஒரு டம்ளர் டீ போட்டுக் குடுத்ததுக்கு இத்தன வம்பா?"

டீக்கும் இதற்கும் என்ன சம்பந்தம் என்று கத்தினேன். தேவையைவிடக் கொஞ்சம் அதிகமாகவே கத்திவிட்டேன். பக்கத்து வீட்டில் டிவியை நிறுத்திவிட்டுக் கேட்டார்கள்.

கனிஷ்கா உள் அறையில் படித்துக்கொண்டிருந்தாள். புத்தகத்தில் பக்கம் திரும்பும் சத்தம் வெகுநேரம் கேட்கவில்லை.

பிப்ரவரி 18, ஞாயிறு

தண்ணீர் முறை.

தறிக்கார வீதியைத் திறந்துவிட்டு வால்வுக்குப் பக்கத்திலேயே நின்றேன். வால்வு திருப்பும் நீளச் சாவியைக் கையிலிருந்து விடவில்லை. வீட்டு வாசலில் துளசிமணி டம்ளரோடு நிற்பது தெரிந்தது. நான் வேறு பக்கம் பார்த்தேன். நாற்பத்தைந்து நிமிடம் என்பது எவ்வளவு சின்ன நேரம் என்று சும்மா நின்றால்தான் தெரிகிறது.

காலனிக்கு இன்று முப்பத்தைந்து நிமிடம் ஓடியது. மில் ரோட்டுப் பத்து நிமிடத்தை நான் தொடவில்லை. அவ்வளவு தைரியம் இன்னும் வரவில்லை. அன்னக்கொடி வீட்டில் குடங்கள் தீர்ந்து, சோறு வடிக்கும் குண்டாவெல்லாம் வெளியே வந்தது.

"என்னங்கண்ணா இன்னிக்கு, டேங்க் பெருசாயிருச்சா?" என்று சிரித்தார். "ஒரு வாய் டீ குடிங்க."

"இப்பத்தானுங்க ஊட்டுல குடிச்சுட்டு வாரன்."

வாய் தானாகச் சொல்லிவிட்டது. சாவியைத் தோளில் போட்டுப் பாதி தூரம் நடந்த பிறகுதான் உறைத்தது. நான் குடிக்கவில்லை. பதினாலு வருடத்தில் அந்த அம்மாவிடம் சொன்ன முதல் பொய்.

முதல் பொய்தானா என்று இன்று பூரா யோசித்தேன். வேண்டாம், இதோடு நிறுத்துகிறேன்.

பிப்ரவரி 19, திங்கள்

தலைமையாசிரியை அறை. மேசைமேல் ஒரு பக்கம் பதிவேடு, ஒரு பக்கம் சுருட்டிய அட்டை. சென்னியப்பண்ணன் நாற்காலியில். மரகதவல்லி டீச்சர் ஜன்னலோரம். கனிஷ்கா சுவரோடு ஒட்டி நின்றாள். எனக்கும் நாற்காலி போட்டார்கள். முதலில் அதன் நாலு காலையும் பார்த்துவிட்டுத்தான் உட்கார்ந்தேன். பழக்கதோஷம்.

"ராக்கியப்பன், இது உங்க கையெழுத்துதானுங்களே?"

"ஆமாங்க மேடம்."

"இதுல எல்லாத் தெருவுக்கும் நாப்பத்தஞ்சு. உங்க பொண்ணு எழுதுனது வேற. ரெண்டுல ஒண்ணு தப்பு. எது தப்புன்னு நீங்கதான் சொல்லோணும். பொய்யான தகவல மாட்டி வெச்சிருந்தா, அந்தப் புள்ளைக அஞ்சு பேரும் எழுதிக் குடுக்க வேண்டியிருக்கும்."

சென்னியப்பண்ணன் முந்திக்கொண்டார். "சின்னப் புள்ளைகதான மேடம். கடிகாரம்..."

"அவர் சொல்லட்டுமுங்க" என்றார் டீச்சர்.

நான் கனிஷ்காவைப் பார்த்தேன். அவள் என்னைப் பார்க்கவில்லை. என் செருப்பைப் பார்த்தாள். அவளுக்குச் சின்ன வயதில் ஊசி போடும்போது இப்படித்தான் எதையாவது வெறித்துப் பார்த்துக்கொண்டிருப்பாள்.

"புஸ்தகந்தானுங்க தப்பு" என்றேன். "அந்தக் கையெழுத்து என்னுதுங்க. நேரம் மட்டும் பொய்ங்க. அம்மணி எழுதுனதுதான் சரி."

சென்னியப்பண்ணன் எழுந்து பதிவேட்டை எடுத்துக் கக்கத்தில் வைத்துக்கொண்டார். என்னைப் பார்த்த பார்வையில் கோபத்தைவிடப் பரிதாபம்தான் கூட.

தலைமையாசிரியை அட்டையை விரித்தார். "ஒண்ணு கேக்கறேன். மில் ரோட்டுக்கு ஏன் கூடன்னு புரியுது. உங்க வீதிக்கு ஏனுங்க அறுபத்தஞ்சு?"

எல்லாம் சொல்லியாயிற்று. இது ஒன்றுதான் பாக்கி. சின்ன விஷயம்தான்.

"வால்வு கொஞ்சம் இறுக்கமுங்க" என்றேன். "மூடறதுக்கு நேரமாயிருது."

கனிஷ்கா செருப்பிலிருந்து கண்ணை எடுத்து என் முகத்தைப் பார்த்தாள். நான் நாற்காலியிலிருந்து விழுந்த அன்று பார்த்த அதே பார்வை. அன்றைக்குச் சிரித்தாள்.

பிப்ரவரி 20, செவ்வாய்

மன்றக் கூட்டம் முடிந்தது. பட்டியலில் ஆறு பேர். மூன்றாவதாக வேறு பேர்.

பதிவேட்டில் தவறான பதிவு செய்ததற்கு விளக்கம் கேட்டு எனக்கு ஒரு தாள் வந்திருக்கிறது. வேலையிலிருந்து நிறுத்தவில்லை. அந்தப் பழைய வால்வுகளில் எதற்கு எத்தனை சுற்று, எது எந்த இடத்தில் மக்கர் பண்ணும் என்பதெல்லாம் என் ஒருவன் கைக்குத்தான் தெரியும். காகிதத்தில் எழுதி வைக்காதது இப்போது உதவியது.

துளசிமணி இரண்டு வேளை பேசவில்லை. மூன்றாவது வேளை, "உப்புப் போதுமா?" என்றாள். போதும் என்றேன். போதவில்லை.

பிப்ரவரி 21, புதன்

அலுவலகச் சுவரில் ஒட்டியிருக்கும் தாளை இன்று நிதானமாகப் படித்தேன். தெருவுக்கு நாற்பத்தைந்து நிமிடம் என்றுதான் இருக்கிறது. எந்தத் தெரு முதலில், எது கடைசி என்று ஓரிடத்திலும் இல்லை. மில் ரோட்டில் ஆரம்பித்துக் காலனியில் முடிப்பது யாருடைய உத்தரவு என்று யோசித்துப் பார்த்தேன். யாருடையதும் இல்லை. முதல் நாள் நானாகத்தான் அப்படி ஆரம்பித்திருக்கிறேன். டீ நேரம் எங்கே விழுகிறதோ அதை வைத்து.

பிப்ரவரி 22, வியாழன்

தண்ணீர் முறை.

ஐந்தரைக்குக் காலனியைத் திறந்தேன். டேங்க் நிறைய இருந்ததால் தண்ணீர் முழு வேகத்தில் வந்தது. அன்னக்கொடி வீட்டுக் குழாய் ஒரு தடவை இருமிவிட்டு, குடத்துக்குள் இடி மாதிரி கொட்டியது. தெருவே தலையை நீட்டிப் பார்த்தது. கனிஷ்காவும் என்னோடு வந்திருந்தாள். நான் கூப்பிடவில்லை. கிளம்பும்போது நோட்டோடு வாசலில் நின்றாள், அவ்வளவுதான். வைஷாலியும் அவளும் குழாயடியில் ஏதோ குசுகுசுவென்று பேசிச் சிரித்தார்கள். இன்றைக்கு வைஷாலி பேரை எழுத வேண்டியதில்லை.

அன்னக்கொடி வந்தார். வழக்கமான கேள்விதான். ஆனால் என் பதிலையும் அவரே சேர்த்துச் சொல்லிவிட்டார்.

"நீங்க ஊட்டுல குடிச்சுட்டுத்தான் வந்துருப்பீங்க. இருந்தாலும் கேக்கறனுங்கண்ணா. டீ?"

ஐந்தே முக்கால் மணி. எங்கள் வீட்டில் அடுப்பே பற்ற வைத்திருக்க மாட்டார்கள்.

"இல்லீங்க" என்றேன். "இன்னும் குடிக்கல."

குடம் நிரம்பி வழிந்தது. அவர் அதைக்கூடக் கவனிக்கவில்லை. பிறகு வேகமாக உள்ளே போனார். போகிற போக்கில் வைஷாலியின் காதில் ஏதோ சொன்னார். அந்தப் பெண் குடத்தை வைத்துவிட்டு மூலைக்கடைக்கு ஓடினாள். சர்க்கரை தீர்ந்திருக்கும் என்று நினைத்தேன்.

டீ வந்தது. தட்டில் நாலு. அன்னக்கொடிக்கு ஒரு டம்ளர், வைஷாலிக்கு ஒன்று, கனிஷ்காவுக்கு ஒன்று. மூன்றும் எவர்சில்வர், ஆவி பறந்தது. நாலாவது, அப்போதுதான் கடையிலிருந்து வாங்கி வந்த புது பேப்பர் கப்பு.

அதை இரண்டு கையாலும் எடுத்து என்னிடம் நீட்டினார். அந்த முகத்தில் குத்தலோ கிண்டலோ இல்லை. எனக்கு ஒரு சங்கடமும் வந்துவிடக் கூடாதே என்ற கவலைதான் இருந்தது.

வாங்கிக்கொண்டேன். சூடு விரலில் ஏறியது. குடித்தேன்.

"எப்படிங்கண்ணா இருக்குது?"

"சக்கர சித்தெ தூக்கலுங்க" என்றேன். அன்னக்கொடி வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார், வைஷாலியும் சிரித்தாள். கனிஷ்கா தன் டம்ளரைப் பார்த்தாள், என் கப்பைப் பார்த்தாள், நோட்டை மூடி வைத்தாள்.

ஆறே காலுக்கு வால்வை மூடினேன். பதிவேட்டில் காலனி, 45 என்று எழுதிக் கையெழுத்துப் போட்டேன். நேரம் நிஜம்.

கப்பைக் கசக்கிச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு அடுத்த தெருவுக்கு நடந்தேன். அது இப்போது இந்த டைரிக்குப் பக்கத்தில் கிடக்கிறது. அன்னக்கொடி நீட்டியபோது நாக்கு நுனி வரைக்கும் வந்து, நான் சொல்லாமல் விட்டது இவ்வளவுதான்:

"எனக்கும் டம்ளர்லயே குடுங்க."